பொருந்துவது வேறு, சேருவது வேறு



எங்கள் வீட்டு வாசலில் பழைய அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. நள்ளிரவில் தெருவில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். உத்தர்பாரா தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியதிலிருந்து, உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டையில் அலைகிறோம்.

சென்ற மாதம் இடது பின்சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிந்தது. வீல் சிலிண்டரை மாற்ற வேண்டும். "அம்பாசடருக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். விலை குறைவு என்பதால் நாங்களும் கேள்வி கேட்கவில்லை. குற்றம் அவர்கள்மேல் மட்டும் இல்லை. போல்ட் துளைகள்கூட அச்சாகப் பொருந்தின. ஆனால் வெறிச்சோடிய சாலையில் பிரேக்கை மிதித்ததும் கார் இடப்பக்கம் இழுத்தது.

மெக்கானிக் கழற்றி அளந்தார். உள்துளையின் விட்டம் வலப்பக்கத்தைவிடச் சற்றே அதிகம். விட்டம் கூடினால் பிரேக் கட்டையைத் தள்ளும் விசையும் கூடும். ஒரு சக்கரம் மட்டும் முந்திப் பிடித்துக்கொள்ளும். மழை இரவு, பின்னிருக்கையில் ஒரு கர்ப்பிணி... நினைக்கவே கை நடுங்குகிறது.

மறுமுறை பழைய சிலிண்டரைத் துணியில் சுற்றி எடுத்துப்போனோம். அதில் பொறித்திருந்த எண்ணை அழுக்கு சுரண்டிப் படித்து, வெர்னியர் வைத்து அளந்து, இரு பக்கத்துக்கும் ஒரே அளவில் ஜோடியாக வாங்கினோம். நான்காவது கடையில்தான் கிடைத்தது. அதைக் காட்டியவர் மூன்றாவது கடைக்காரர். "என்னிடம் இருப்பது உங்கள் வண்டிக்குச் சேராது, அங்கே கேளுங்கள்" என்றார். தன் சரக்கை எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கலாம். அன்று அவருக்கு எங்களால் ஒரு ரூபாய் வியாபாரமும் இல்லை.