வீட்டுக்குப் போன மேசைக் கணினி

கணினி வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்ற பேச்சு 2020 மார்ச் வரை பாதிதான் உண்மை. சென்னை பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் மடிக்கணினி வைத்திருந்தவர்களுக்குக் கவலையில்லை. அழைப்பு மையத்து வேலையோ மேசைக் கணினியோடும், அந்தக் கட்டடத்துக்கு வந்த தொலைபேசி இணைப்போடும் கட்டுண்டு கிடந்தது. ஊழியர் வீட்டிலிருந்து அழைப்பை எடுக்க வேண்டுமானால் நிறுவனம் அரசிடம் காப்புத்தொகை கட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. சிறப்புப் பொருளாதார மண்டலமாக இருந்தால் வரிச்சலுகையில் வந்த கணினியைக் கணக்கில் எழுதாமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

மார்ச் 11இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. 13ஆம் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஏப்ரல் 30 வரை அந்தக் காப்புத்தொகை விதியைத் தளர்த்தியது. பொது முடக்கம் வரும் என்றோ, எத்தனை நாள் என்றோ அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அவசரம். சிபியூவில் ஒட்டிய எண்ணைக் குறித்து, கேட் பாஸ் போட்டு, மானிட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

கணினி வீடு சேர்ந்தால் மட்டும் போதாது. அலுவலகத் தகவல் பொது இணையத்தில் வெளிப்படாமல் போய்வர விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட பாதை வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதில் நுழையலாம் என்பது வாங்கிய உரிமத்தையும் கருவியின் திறனையும் பொறுத்தது. வெளியூர் போகும் சிலருக்கென்று வாங்கியதில் மொத்த அலுவலகமும் நுழைந்தால் நெரிசல்தான்.

வீட்டிலோ சிக்கல் வேறு மாதிரி. இன்வெர்ட்டர் இருக்கும், ஆனால் அதன் ஒயர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் போகும். இணைய மோடம் வேறு பிளக்கில். மின்சாரம் போனால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், அழைப்பு மட்டும் அறுந்துவிடும். எலக்ட்ரீஷியனை முன்கூட்டியே அழைத்து அந்தப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தவர்கள் கெட்டிக்காரர்கள். மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் 21 நாள் முடக்கத்தை அறிவித்த பிறகு எலக்ட்ரீஷியனை எங்கே தேடுவது?

இணையம் திணறாமலிருக்க, படம் காட்டும் தளங்கள் கைபேசி இணைப்பில் காட்சித் தரத்தை ஏப்ரல் 14 வரை 480பி அளவுக்குக் குறைத்துக்கொண்டன. தொலைத்தொடர்புத் துறையின் தளர்வு ஜூலை 31 வரையும், பிறகு டிசம்பர் 31 வரையும் நீண்டது. அந்தக் கெடு முடியுமுன்னரே, நவம்பர் 5ஆம் தேதி வந்த புதிய விதிகள் காப்புத்தொகையை அடியோடு நீக்கி, நாட்டின் எந்த இடத்திலிருந்தும் வேலை செய்ய வழிவிட்டன.