உடுக்கைக் கதையும் கணினிக் களமும்

காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் இன்று திருப்பூர் மாவட்டத்து ஊர். 1965ஆம் ஆண்டு அங்குத் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியலார், இராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் சுவாமி கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் எழுதிக்கொள்வதற்காகச் சொன்னபோது அதே கதை வேறு வடிவம் கொண்டது. பெக் 1982இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வேறுபாட்டை ஆராய்கிறது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையை இரு பாகங்களாக அச்சிட்டது. பின்னர் அது 26 பகுதிகள் கொண்ட அசைபடமும் ஆயிற்று.

வாயிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து திரைக்கும் வந்த கதைக்கு அடுத்த களம் எது? கணினியில் ஆடும் பாத்திர விளையாட்டு எனலாம்.

1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுக்கு வழிவகுத்தது. மேசையைச் சுற்றி அமர்வோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகின்றனர். ஒருவர் கதையை நடத்துகிறார். ஐயம் எழுமிடத்தில் பகடை முடிவு சொல்கிறது. 2012இல் வந்த 'ரோல்20', 2020இல் வந்த 'ஃபவுண்டரி' போன்ற மென்பொருள்கள் அம்மேசையைக் கணினிக்குக் கொண்டுவந்தன. பிறர் எழுதிய கதைகளை அவற்றிற்கேற்ப மாற்றியமைப்பது இன்று தனி வேலையாகவே வளர்ந்துள்ளது.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. அண்ணன்மார் கோயில் விழாக்களில் நிகழும் படுகளத்தை எண்ணிப் பாருங்கள். அங்கு வீழ்வோர் கதை கேட்போர் அல்லர், கதைக்குள் புகுந்தோர். தங்காள் தண்ணீர் தெளிக்க அவர்கள் எழுகின்றனர். ஆயினும் அது வழிபாடு, பகடைக்குக் கட்டுப்பட்டதன்று. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

மாற்றியமைப்பவரிடம் எந்திரம் சில கேள்விகள் கேட்கும். கொம்பன் என்னும் பன்றியின் வலிமை எத்தனை? உடுக்கைப் பாடகர் அதனை எண்ணால் சொல்வதில்லை. அடியின் வேகத்தால் கேட்போர் நெஞ்சில் வளர்க்கிறார். பொன்னிவள நாட்டிலிருந்து வீரமலைக்கு எத்தனை கட்டம்? பாட்டில் வழி நீளும், சுருங்கும். காய்களில் பகைவர் யாவர்? வேட்டுவர்க்குப் பகை நிறம் தீட்டச் சொல்லும் மென்பொருள். வேட்டுவரோ கொங்கில் இன்றும் நம்மோடு வாழும் மக்கள். அவர்தம் பக்கத்துக் கதையும் உண்டு. ஒரு நிறத்தைத் தேர்ந்தவுடன் பழம்பகையொன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவராகிறோம். வேட்டுவர் பக்கமும் ஆடத்தக்கதாகக் களத்தை அமைப்பதே நேர்மை.

பாடகர் நிறுவாமல் விட்டதை நிறுவும் கணத்தில் மாற்றியமைப்பவர் ஆசிரியராகிவிடுகிறார். ஆகவே, தாம் சேர்த்தது இது, பெற்றது இது எனப் பிரித்துக் காட்டும் கடமை அவர்க்கு உண்டு. 2023 சனவரியில் அவ்வமெரிக்க விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு எவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டபோது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதே நிபந்தனையாயிற்று. அதன்மேல் தனித்தனி ஆசிரியர் எழுதிய கதைகளுக்கோ அவரவர் இசைவு வேண்டும். உடுக்கைப் பாட்டுக்கு உரிமப் பத்திரம் எழுதி வைத்தவர் இலர். அதனாலேயே நம் கடமை மிகுகிறது.

பிறர் வடிவத்தைத் தம் எந்திரத்திற்கேற்ப ஆக்குவது திருப்பூர்க்குப் பழகிய தொழில். கடல் கடந்து வரும் 'சாம்பிள்' ஆடையைப் பார்த்து, அளவு பிரித்து, துணி வெட்டி, தைத்து அனுப்புகிறோம். கழுத்துப்பட்டியின் லேபிளில் வாங்குவோர் பெயர் இருக்கும். தைத்த பெண்ணின் பெயர் இராது. அண்ணன்மார் கதையைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் நாளில் இராமசாமிக்கும் அதுவே நேரலாமா? ஆட்டம் திறக்கும் முதல் திரையிலேயே அவர் பெயர் தோன்ற வேண்டும்.

கவிஞர்களுக்கும் இதில் பணி உண்டு. ஆட்டத்தை நடத்துபவர் உரக்கப் படிக்கும் பகுதிகளை எழுதப்போகிறவர் யார்? கொங்குத் தமிழின் ஓசையறிந்தவர் எழுதாவிடில், மொழிபெயர்ப்பு வாடை வீசும் வாசகங்களே அவ்விடத்தை நிரப்பும். இரவெல்லாம் அமர்ந்து உடுக்கை கேட்க இரவுப் பணி விடுவதில்லை. விடுப்பு நாளில் நான்கு இளைஞர் திரைமுன் கூடினால், அவர்தம் செவிக்குத் தரமான தமிழ் சேரட்டும். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், கதையறிந்த முதியோரை அவ்விளைஞர்களோடு ஓர் அவையில் அமர்த்துவதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.