மென்பொருள் கற்போர் தொழில் தேடும் நெறி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொழில் தேடுவது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, உத்தியோகம் பெற்று உயர்ந்த ஒருவரையன்றோ இதற்கு அழைத்திருக்க வேண்டும் என்று தயங்கினோம். ஆயின், கடலேரியைக் கடந்து கரையேறியவனிலும் அதன் நடுவே நிற்பவனுக்கே சேறும் பள்ளமும் நன்கு தெரியும் என்று எண்ணித் துணிந்து வந்தோம்.

எம் பெற்றோர் உத்தியோகம் என்றால் அரசாங்க உத்தியோகத்தையே நினைப்பர். பரீட்சை எழுதுவது, பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது, நியமனக் கடிதத்துக்குக் காத்திருப்பது என்பதே அவர்கள் கண்ட வழி. மென்பொருள் தொழிலுக்கோ அத்தகைய ஒரே பரீட்சையும் இல்லை. ஒரே பட்டியலும் இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தனக்கெனத் தனி வாயில் வைத்திருக்கின்றது. இதனை உணராது நாம் செய்த பிழையை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு பயிலுநர் பதவி தேடி நண்பர் மூவர் ஒன்றுகூடினோம். ஒரே வடிவிலான சுயவிபரக் கோவையைத் தயாரித்து, கம்பனியின் பெயரை மட்டும் மாற்றி, 42 இடங்களுக்கு அனுப்பினோம். மூன்று பதில்களே வந்தன. அவற்றுள் ஒன்று நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு. எம்முள் ஒருவருக்கே அழைப்பாயினும் மூவருமே கொழும்பு சென்றோம். கோவையிலே ஒன்பது கணினி மொழிகள் அறிவோம் என்று எழுதியிருந்தோம். பரீட்சகர் அவற்றுள் ஒன்றைச் சுட்டி, “இதைக் கொண்டு நீர் என்ன செய்தீர்?” என்று கேட்டார். இரண்டு வாரப் பாடத்தைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. அவர் கடிந்துரைக்கவில்லை, தாளை மெல்ல மூடி வைத்தார். அன்றிரவு யாழ்ப்பாணம் திரும்பும் பேருந்தில் மூவரும் வாய் திறக்கவில்லை. எம்முள் ஒருவரின் மடிக்கணினி, தாயார் தம் காப்பை அடைவு வைத்து வாங்கிக் கொடுத்தது. அந்த நினைவு எம்மை உறங்க விடவில்லை.

மறுநாள் ஓர் உண்மை புலனாயிற்று. நாம் எழுதிய செய்நிரல் ஓடாவிடின் அதையே மாற்றமின்றி 42 முறை ஓட்டிப் பார்ப்போமா? வழு எந்த வரியில் உள்ளது என்றன்றோ தேடுவோம்? தொழில் தேடலிலும் அதுவே நெறி. ஒரு கொப்பியை எடுத்து, எங்கே எப்போது விண்ணப்பித்தோம், எந்தக் கட்டத்தில் தடைப்பட்டோம் என்று நிரல்படுத்துங்கள். பதிலே வரவில்லையாயின் குறை கோவையில் அல்லது அனுப்பும் வழியில் உண்டு. எழுத்துப் பரீட்சையில் நின்றுவிட்டால் குறை பயிற்சியில் உண்டு. நேர்முகத்தில் நின்றுவிட்டால் எடுத்துரைக்கும் ஆற்றலில் உண்டு. குறை உள்ள இடத்தைத் திருத்தாது விண்ணப்பங்களைப் பெருக்குவது வீண் உழைப்பேயாம்.

முதலாவது, சுயவிபரக் கோவை. கேட்டால் விடை சொல்ல முடியாத சொல் ஒன்றும் அதில் இருத்தலாகாது. நாம் ஒன்பது மொழிகளை மூன்றாகக் குறைத்தோம். செய்து காட்டிய வேலையை முன்னே வைத்தோம். இச்சங்க நூல்நிலையத்துக்கு இரவற் பதிவேடு ஒன்றைக் கணினியில் அமைத்து, அதன் செய்நிரலைக் கிற்ஹப் தளத்தில் எவரும் பார்க்கும்படி விளக்கக் குறிப்புடன் இட்டோம். யார் யார் நூல்களைத் திருப்பவில்லை என்பதும் அதனால் வெளியாயிற்று. இச்சபையிலுள்ள சிலர் எம்மை மன்னிப்பார்களாக! நாவலர் பெருமானின் தகுதியை உலகம் அவர் பரிசோதித்துப் பதிப்பித்த நூல்களைக் கொண்டன்றோ அறிந்தது? செய்த வேலையே சிறந்த தராதரப் பத்திரம்.

இரண்டாவது, பிறரோடு கூடிச் செய்யும் வேலை. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் தாக்கியபோது, இலங்கை நிரலாளர் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்யச் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். அது பின்னர் 2010இல் எயிற்றி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. கூகிள் 2005இல் தொடங்கிய ‘சமர் ஒவ் கோட்’ திட்டத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மிகுதியான மாணவரை அனுப்பி உலகின் முன்னணியில் நின்றது. 2022 முதல் அத்திட்டம் மாணவரல்லாத புதியவருக்கும் திறந்துள்ளது. இத்தகைய பணியில் ஒரு சிறு வழுவைத் திருத்தினாலும் அது உங்கள் பெயருடன் பதிவாகி நிற்கும்.

மூன்றாவது, தெரிந்தவர்கள். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றோரை, “அவரை எவ்வளவுக்குச் சந்திப்பீர்?” என்று வினவினார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றோர் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேரே. எஞ்சியோர் எப்போதாவது அல்லது அரிதாகச் சந்திப்பவர் மூலமே பெற்றனர். காரணம் எளிது: நெருங்கிய நண்பர் அறிந்ததை நாமும் அறிவோம், தூரத்து அறிமுகமே புதிய செய்தி தரும். ஆதலால் முன்னே படித்து வெளியேறிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் எழுதுங்கள். “வேலை தாருங்கள்” என்று கேளாது, “உங்கள் இடத்தில் எத்தகைய வேலை நடைபெறுகின்றது? நாம் எதைக் கற்க வேண்டும்?” என்று கேளுங்கள். இது சிபார்சுக்கு அலைவதன்று, வழி கேட்பதேயாம்.

நான்காவது, பேச்சு. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்ற எமக்கும் அன்று நாவெழவில்லை. ஏனெனில், ஆங்கிலத்தில் வாசித்தோம், எழுதினோம். செய்த வேலையை வாய்விட்டு விளக்கிப் பழகவில்லை. இன்று நாளாந்தம் அரைமணி நேரம் ஒரு கணக்கைத் தீர்த்து, அதனை ஒருவருக்கொருவர் உரத்து விளக்குகின்றோம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், அது ஏன் சரி, எங்கே பிழைக்கும் என்று விளக்க வல்லவனுக்கே மதிப்பு உண்டு.

இவ்வாறு திருத்திக்கொண்ட பின்னர் 11 இடங்களுக்கு மட்டுமே விண்ணப்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதினோம். ஐந்து பதில்கள் வந்தன. எம்முள் ஒருவர் பயிலுநராகச் சேர்ந்துவிட்டார். இருவர் இன்னும் தேடுகின்றோம். அந்தக் காப்பு இன்னும் மீட்கப்படவில்லை. ஆயினும் எங்கே தடைப்படுகின்றோம் என்பதை அறிந்து தேடுவதால், பதில் வராத நாளிலும் நாம் மனம் சோர்வதில்லை.

இளைஞர்களே! பதில் வராமை உங்கள் மதிப்பைக் குறிப்பதன்று. திருத்த வேண்டிய இடத்தையே அது குறிக்கின்றது. பொய்யில்லாத ஒரு பக்கமும், பிறர் காணச் செய்து வைத்த ஒரு வேலையும் உங்களிடம் இருக்கட்டும். முயற்சி நம்முடையது, திருவருள் துணை நிற்கும்.