வாக்கும் தீர்ப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நீதியைப் பற்றிப் பேச எழுவோர் மனுநீதிச் சோழனிலிருந்து தொடங்குவது நம்மிடையே வழக்கம். மகாவம்சமும் ஏறத்தாழ அதே கதையை எல்லாள மன்னன்மேல் ஏற்றிச் சொல்கின்றது. கன்றை இழந்த பசு மணியடிக்க, பெற்ற மகனையே கொடுக்கத் துணிந்த அவ்வேந்தர்களின் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. தீர்ப்புச் சொன்ன அடுத்த வருடம் ஊராரிடம் சென்று வாக்குக் கேட்கவேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த நிலையில் இருந்த ஒரு நீதிபதியைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம்.

இலங்கையில் நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படியன்று. அங்கே கொலை, களவு வழக்குகளை விளங்கும் நீதிபதியும் அபேட்சகராக நின்று, மக்கள் வாக்கால் பதவிக்கு வருகின்றார். தவணை முடிந்ததும் மறுபடியும் அவர்கள் முன் நிற்கின்றார். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் எல்லோரையும் மக்களே தெரிவுசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. 1846இல் நியூயோர்க்கும் அவ்வழியிற் சென்றது. ஆட்சியாளர் தம் ஆட்களுக்கே நீதிபதிப் பதவியைக் கொடுக்கின்றனர் என்ற மனக்குறையே இதற்குக் காரணம். நோக்கம் நல்லதுதான். அந்நோக்கம் எங்கே இடறிற்று என்பதற்கு அலபாமா மாநிலத்து ஜேம்ஸ் எட்வின் ஹோர்ட்டனின் வரலாறு சான்று.

ஹோர்ட்டன் 1878இல் பிறந்தவர். சட்டம் படித்து, மாநிலச் சட்டசபையிலும் இருந்து, 1922இல் வட அலபாமாவின் சுற்று நீதிமன்றத்துக்கு நீதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். ஆறு வருடத் தவணை முடிந்து மறுபடி நின்றபோது அவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. ஊரில் பழைய குடும்பம், நிலபுலன் உள்ளவர், நெடிய உருவம், பார்த்தவர் பலர் ஆபிரகாம் லிங்கனை நினைத்துக்கொண்டனராம். ஒரு வழக்கு வராதிருந்தால் அந்த ஆசனத்திலேயே முதுமையடைந்திருப்பார்.

அவ்வழக்கின் தொடக்கம் 1931 மார்ச் 25. சரக்குப் புகையிரதம் ஒன்றில் வேலை தேடித் திருட்டுப் பயணம் செய்த கறுப்பின இளைஞர் ஒன்பதுபேர் கைதாயினர். பெரும்பாலோர் இருபது வயதைத் தொடாதவர். அதே புகையிரதத்திற் பயணஞ்செய்த வெள்ளையினப் பெண்கள் இருவர், விக்டோரியா பிறைஸ், றூபி பேற்ஸ் என்போர், அவர்கள் தம்மைக் கெடுத்தனர் என முறையிட்டனர். ஸ்கொட்ஸ்பரோ என்ற சிற்றூரில் 3 வாரங்களுக்குள் எண்மருக்கு மரண தண்டனை விதித்தாயிற்று! தக்க வழக்கறிஞர் உதவி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்று 1932 நவம்பரில் அமெரிக்க உயர்நீதிமன்றம் அத்தீர்ப்புகளைத் தள்ளியது. மறு விளக்கம் டெக்காட்டர் நகரில் ஹோர்ட்டன் முன் வந்தது. முதல் எதிரி ஹேவூட் பற்றர்சன்.

1933 மார்ச்சு இறுதியில் விளக்கம் தொடங்கியது. எதிரிக்காக நியூயோர்க்கிலிருந்து சாமுவேல் லீபோவிற்ஸ் வந்தார். மாநிலத்துக்காகச் சட்டமா அதிபர் தோமஸ் நைற் தாமே தோன்றினார். ஜூரிமார் பன்னிருவரும் வெள்ளையர். ஊரில் கும்பல் கூடிக் கைதிகளைத் தூக்கிலிடப்போகின்றது என்ற பேச்சு எழுந்தது. ஹோர்ட்டன் ஜூரிமாரை வெளியே அனுப்பிவிட்டு, அச்செயலிற் சேர்பவன் கொலைகாரனே என்றும், காவற்படையினர் உயிரைக் கொடுத்தும் கைதிகளைக் காப்பர் என்றும் மன்றத்திலேயே அறிவித்தார்.

றூபி பேற்ஸ் திரும்பி வந்து, அப்படி ஒரு கொடுமை நடக்கவேயில்லை, தாம் சொன்னது பொய் என்று சாட்சியம் கூறினார். அதன் பிறகும் ஏப்ரல் 9இல் ஜூரிமார் குற்றவாளி எனக் கண்டு மரண தண்டனை சொன்னார்கள்.

இவ்விடத்தில் ஹோர்ட்டனின் குறையொன்றையும் மறைக்கலாகாது. பெண்களைப் பரிசோதித்த இளம் வைத்தியர் ஒருவர், அவர்கள் கெடுக்கப்பட்டதாகத் தாம் நம்பவில்லை என்று தம்மிடம் தனியே கூறினார் எனவும், சாட்சி சொன்னால் தம் தொழில் அழியும் என்று அஞ்சினார் எனவும் ஹோர்ட்டன் வெகு காலத்துக்குப் பின்னர் வெளியிட்டார். அவ்வைத்தியர் அதை மறுத்தார். ஹோர்ட்டன் சொன்னது உண்மையாயின், அவரைக் கூண்டில் ஏற்றாமல் விட்டது தவறென்றே நாம் கருதுகின்றோம். ஜூரிமாரே விடுதலை செய்வர் என்று நம்பிவிட்டார் போலும்.

தவறிய இடத்தில் அவர் நின்றுவிடவில்லை. தீர்ப்பைத் தள்ளிவைக்கும்படி எதிரி தரப்பார் மனுச் செய்திருந்தனர். 1934இல் தேர்தல். தீர்ப்பைத் தள்ளினால் பதவி போய்விடும் என்று அவருக்குச் சொல்லியனுப்பப்பட்டதாகவும், அதற்கும் வழக்குக்கும் என்ன தொடர்பென்று அவர் கேட்டதாகவும் சொல்லப்படுகின்றது.

1933 ஜூன் 22இல், தம் சொந்த ஊரான அதென்சின் நீதிமன்றத்தில், ஹோர்ட்டன் தமது முடிவை வாசித்தார். அதிலே ஆவேசம் இல்லை. கணக்குப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். தலையில் துப்பாக்கியால் அடிபட்டு இரத்தம் வழிந்தது என்றார் பிறைஸ்; அத்தகைய காயத்தை வைத்தியர் காணவில்லை. கூரிய கற்சல்லி நிறைந்த பெட்டியில் ஆறுபேர் மாறிமாறிக் கெடுத்தனர் என்றார். முதுகிலே சிறு கீறல்களே இருந்தன. சிறிது நேரத்துக்குள் பரிசோதித்தபோது நாடியும் மூச்சும் வழமைபோல் இருந்தன. முறைப்பாட்டுக்காரியின் சொல்லுக்கு வேறு சாட்சி துணைநிற்கவில்லை, மற்றைய சாட்சியங்கள் அதற்கு மாறாகவே நிற்கின்றன என்று கண்டு, தீர்ப்பைத் தள்ளிப் புதிய விளக்கத்துக்குக் கட்டளையிட்டார்.

அதன்பின் வழக்கு வேறொரு நீதிபதியிடம் போயிற்று. 1934இல் ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரைத் தெரியும் முதற்கட்டத் தேர்தலில் ஹோர்ட்டன் தோற்றார். அலபாமாவில் அக்காலம் அக்கட்சி ஒன்றே கட்சி. அதில் தோற்றவர் முற்றாகத் தோற்றவரே. அதே வருடம் சட்டமா அதிபர் நைற் துணை ஆளுநராகத் தெரிவானார்.

மக்கள் தீர்ப்பு இதுதானே என்பாரும் உளர். எந்த மக்கள் என்றுதான் நாம் கேட்கின்றோம். 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பினத்தவரை வாக்காளர் இடாப்பிலிருந்து ஏறக்குறைய முற்றாக நீக்கியிருந்தது. ஜூரிமார் இடாப்பும் அவ்வாறே. 1935இல் உயர்நீதிமன்றத்தில் லீபோவிற்ஸ் அந்த ஜூரி இடாப்பையே கொண்டுபோய்க் காட்டினார். கறுப்பினத்தவர் பெயர்கள் பின்னர் செருகப்பட்டவை என்பதை நீதியரசர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தனர். எவருடைய உயிர் தராசில் இருந்ததோ அவர்களுடைய தாய் தந்தையருக்கு வாக்கு இல்லை. ஆதலால் தேர்தல் முறையை மாத்திரம் பழிப்பது முழு நியாயமாகாது. எல்லோரும் வாக்களித்திருந்தால் ஹோர்ட்டன் வென்றிருப்பாரோ என்னவோ. குறைந்தபட்சம் ஒரு பக்கத்தாருக்கு மாத்திரம் அஞ்சவேண்டிய நிலை எந்த நீதிபதிக்கும் வந்திராது.

அவரது தீர்ப்பு பற்றர்சனை விடுவிக்கவுமில்லை. மறுபடி மறுபடி குற்றவாளியாக்கப்பட்டு, 1936இல் 75 வருடச் சிறை பெற்று, 1948இல் தப்பியோடி, வேறொரு குற்றத்துக்காக மிச்சிக்கனிற் சிறையிருந்து 1952இல் இறந்தார். ஒன்பதுபேரில் ஒருவரும் தூக்கப்படவில்லை என்பது உண்மை. இளமை போனதும் உண்மை. 2013இல், இறந்தபின், அலபாமா பற்றர்சனுக்கும் வேறிருவருக்கும் மன்னிப்பு வழங்கியது.

ஹோர்ட்டன் மறுபடி நீதிபதியாகவில்லை. வழக்கறிஞர் தொழிலுக்கும், பின் தம் நிலத்துக்கும் மாடுகளுக்கும் திரும்பி, 1973வரை, 95 வயதுமட்டும் வாழ்ந்தார். 2017இல் அதென்ஸ் நீதிமன்ற வளவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அலபாமாவின் சுற்று நீதிபதிகள் இன்றும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை, கட்சிப் பெயருடன், மக்களிடம் வாக்குக் கேட்டே வருகின்றனர்.