பணம் கட்டிய சரக்கை விட்டுவிட்டு வரலாமா?

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கடைக்கு வந்த ஒருவர் கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு, சரக்கை எடுக்காமலேயே போனால் என்ன சொல்வீர்கள்? ஏமாளி என்பீர்கள். ஆண்டுதோறும் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்!

கடைக்கும் வீட்டுக்கும் சொத்து வரி கட்டுகிறோம். அதன்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். வாடகைக் கடைக்காரருக்கு அது வாடகையில் அடங்கி வருகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. அந்தச் சட்டத்துக்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஆகவே நூலகம் யாரோ போடும் தர்மமல்ல. நம் காசில் நடக்கும் நம் சொத்து!

"கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே, நூலகம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கே தனிப் பகுதி இருக்கிறது. கையில் புத்தகம் உள்ளவரும் ஏன் அங்கே போகிறார்? மேசையும் வெளிச்சமும் அமைதியும் தேடித்தான். ஒற்றை அறை வீட்டில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைக்குக் கைப்பேசி இவற்றைத் தருமா?

ஆனால் எல்லா ஊரிலும் அப்படிப்பட்ட மாளிகை இல்லை. நம் பகுதியில் இருப்பது சிறு கிளை நூலகம். ஆள் வராத கடைக்கு நாம் புதுச் சரக்கு இறக்குவோமா? வாசகர் வராத நூலகத்தின் கதியும் அதுதான். நாம் போவதில்லை, அதனால் வேண்டியது வருவதில்லை. வேண்டியது இல்லை என்று மறுபடியும் போவதில்லை!

இந்தச் சுற்றை நாம்தான் உடைக்க வேண்டும். இந்த மாதமே குடும்பத்தோடு உறுப்பினராகுங்கள். பெண் பிள்ளைகளையும் சேருங்கள். வாசகர் வட்டத்தில் இடம்பெற்று, தேர்வு நூல்களும் ஜி.எஸ்.டி. விளக்க நூல்களும் கணினியும் வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். கடை அடைத்த பிறகும் வர வசதியாக நேரத்தை நீட்டிக்கக் கேளுங்கள். வசதியுள்ளோர் புரவலராகுங்கள்.

வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்ந்தது எவ்வளவு? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் நகராட்சியிடம் கேளுங்கள். கணக்குக் கேட்பது வணிகருக்குப் புதிதா என்ன?

பணம் கட்டியாகிவிட்டது, சகோதரர்களே! போய்ச் சரக்கை எடுத்து வாருங்கள்!