இரண்டாவது அம்பு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறு ஆண்டுகளாக எனக்கு இடுப்புவலி. மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் தொடர்கின்றன. வலி குறைந்தது, போகவில்லை. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். நம்மில் பலர் அதோடுதான் கரும்பலகை முன் நிற்கிறோம்.

ஒருநாள் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனின் ஜாமெட்ரி பாக்ஸ் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே கத்திவிட்டேன். பாடவேளை முடிந்ததும் அவன் வந்து, "டீச்சர், இன்னைக்கு ரொம்ப வலிக்குதா?" என்றான். நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த வலி வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தது.

சம்யுத்த நிகாயத்தில் புத்தர் ஓர் உவமை சொல்கிறார். ஒருவனை அம்பு தைக்கிறது. உடனே இன்னோர் அம்பும் தைக்கிறது. முதலாவது உடலின் வலி. அதை எண்ணி மனம் புலம்புவது இரண்டாவது. பயின்ற மனத்துக்கு முதல் அம்பு மட்டுமே. அன்று அந்த மாணவன்மேல் பாய்ந்தது என்னுடைய இரண்டாவது அம்பு.

இந்த வழியை 1979இல் ஜான் கபாட்-சின், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சமயச் சார்பில்லாத பயிற்சியாக்கினார். நாள்பட்ட வலியோடு வந்தவர்கள் அதில் பலர்.

நான் செய்வது எளியது. இரவில் படுத்தபடி, கால்விரல் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிப்பேன். இடுப்புக்கு வந்ததும் வலியை விரட்டமாட்டேன். குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பார்க்கப் பார்க்க அது ஏறும், இறங்கும். "நாளைக்கு எப்படி நிற்பேன்?" என்ற எண்ணம் வந்தால், "இது வலி அல்ல, பயம்" என்று பிரித்து வைப்பேன். பகலில், வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன் மூன்று மூச்சைக் கவனிப்பேன். அவ்வளவே.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. புதிதாக வலி வந்தாலோ கால் மரத்துப்போனாலோ மருத்துவரிடம்தான் போகவேண்டும். சில நாள்களில் இந்தப் பயிற்சியும் கைகொடுப்பதில்லை. அன்று பிள்ளைகளிடமே, "இன்று டீச்சர் உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டாலே பாதி பாரம் குறைகிறது.

போன வாரம் ஜாமெட்ரி பாக்ஸ் மறுபடி விழுந்தது. வலி இருந்தது. "மெதுவா எடுத்துக்கோப்பா" என்றேன்.