ஒன்றை மட்டும் மாற்றுக
(வெள்ளிவிழா மாணவர் அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளியில் அறிவியல் சோதனை செய்வது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் வரலாறு பயின்றவன். ஆயினும் தலைமையாசிரியன் என்ற முறையில் ஆய்வகத்தின் சாவி பல ஆண்டுகளாக என் மேசை இழுப்பறையில் இருந்து வருகிறது. அங்கே நடப்பதையும் நடவாததையும் பார்த்து வருகிறேன். அந்த உரிமையில் சில கூற விழைகிறேன்.

மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். நாற்பது ஏடுகளிலும் ஒரே அளவு, ஒரே விடை. புவியீர்ப்பு முடுக்கம் எல்லார்க்கும் 9.8 என்றே வந்திருக்கும். நாற்பது பேர் கையால் அளந்தால் நாற்பது எண்களும் சிறிதேனும் வேறுபடும். வேறுபடவில்லை எனில், யாரும் அளக்கவில்லை என்பதே பொருள். சென்ற ஆண்டு மாணவனின் ஏட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது அறமன்று. நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில் ஆய்வக மேசையைச் சுற்றி நாற்பது பேர் நிற்போம். கருவியைத் தொட்டுச் செய்வோர் முன்னால் நிற்கும் நால்வர். அந்நால்வரில் எங்கள் தெருப் பிள்ளை ஒருவனும் இருந்ததில்லை. வாயால் யாரும் தடுத்ததில்லை; இடம் அவ்வாறு அமைந்துவிடும். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் பயின்றபோது குழாயைத் தாமே தொட்டுத் திறந்து நீர் பருக முடியாது. சிப்பந்தி வந்து திறந்துவிட்டால்தான் நீர் என்று அவரே எழுதி வைத்துள்ளார். கையை விலக்கி வைத்தால் கண்ணும் தன்மேல் நம்பிக்கை இழந்துவிடும். பிறர் கண்ட எண்ணை எழுதிப் பழகிய மாணவன், தான் கண்டதைச் சொல்ல அஞ்சுகிறான்.

சரி, நேர்மையான சோதனை என்பது யாது? ஒரு மாணவன் யூரியா இட்டால் செடி நன்கு வளருமா என்று அறிய விரும்பினான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தொட்டிகளில் பயறு ஊன்றினான். யூரியா இட்ட தொட்டியை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தான். இடாததை அடுப்பங்கரையில் வைத்தான். மாடித் தொட்டியில் செடி செழித்தது. வென்றது யூரியாவா, வெயிலா? சொல்ல இயலாது. எதைச் சோதிக்கிறோமோ அந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மண், நீர், ஒளி, விதை, நாள் ஆகிய ஏனையவெல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

வரலாற்றிலிருந்து ஒரு சான்று. 1747-இல் சாலிஸ்பரி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் ஸ்கர்வி நோய் பரவியது. ஈறு அழுகி, உடல் தளர்ந்து, மாலுமிகள் மாண்டுபோகும் நோய் அது. மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோய்நிலை ஒத்த 12 பேரைத் தேர்ந்து, ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே உணவு அளித்தார். பின்னர் அவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். காடி ஓர் இணைக்கு, கடல்நீர் ஓர் இணைக்கு, ஆரஞ்சும் எலுமிச்சையும் ஓர் இணைக்கு என்று இவ்வாறு. பழம் உண்ட இருவரில் ஒருவர் ஆறு நாளில் பணிக்குத் திரும்பும் அளவு தேறினார். எனினும் ஆங்கிலக் கப்பற்படை எலுமிச்சைச் சாறு வழங்க முடிவெடுத்தது 1795-இல்தான். உண்மை கண்டறியப்படுவதற்கும் மேலிடத்தார் அதை ஏற்பதற்கும் இடையே எத்தனை ஆண்டு பாருங்கள்!

அடுத்து, எண்ணிக்கை. ஒரு விதையை வைத்துச் சோதனை செய்யலாகாது. அது புழு அரித்த விதையாக இருக்கலாம். உப்புநீர் முளைப்பைத் தடுக்குமா என்று பார்க்க, கிண்ணத்துக்கு 20 பாசிப்பயறு வீதம் ஈரத்துணியில் இடுங்கள். பருத்த விதைகளை ஒன்றிலும் சூம்பியவற்றை மற்றொன்றிலும் இட்டுவிடாதபடி, கலந்து, கண்ணை மூடி எடுங்கள். வேர் 2 மில்லிமீட்டர் வெளிவந்தால்தான் முளைத்ததாகக் கொள்வோம் என்று தொடங்கும் முன்னரே எழுதி வையுங்கள். இல்லையேல் நாம் விரும்பும் கிண்ணத்தில் நம் கண் தாராளமாக எண்ணிவிடும்.

நல்ல நீர் ஊற்றிய கிண்ணத்தில் 18 முளைத்தன, உப்புநீரில் 15 என்று வைத்துக்கொள்வோம். உப்பு கெடுத்தது என்று உடனே எழுதிவிடலாமா? கூடாது. அதனால்தான் நல்ல நீருக்கே இரண்டு கிண்ணங்கள் வைக்கச் சொல்கிறேன். ஒரே நீர் ஊற்றிய அவ்விரண்டில் ஒன்றில் 18, மற்றதில் 16 என வந்தால், காரணம் ஏதுமின்றியே இரண்டு குறையும் என்பது விளங்கும். அப்போது 15 என்பது பெரிய செய்தியன்று. 6 ஆக இருந்திருந்தால் செய்திதான். ஐயமிருப்பின் மீண்டும் செய்ய வேண்டும்; பயறு விலை ஒன்றும் அதிகமில்லை.

தனி ஊசலுக்கு வருவோம். நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை 100 சென்டிமீட்டர் இருந்தால், ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 வினாடி ஆகும். கடிகாரத்தை நிறுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினால், ஓர் அலைவை மட்டும் அளப்பவனுக்குப் பத்தில் ஒரு பங்கு பிழை. 20 அலைவுகளை அளந்து வகுப்பவனுக்கு இருநூற்றில் ஒரு பங்கே. கனத்த குண்டு விரைந்து ஆடுமா என்று சோதிப்போர் பெரிய குண்டைக் கட்டுகையில், நூல் அதேதான் என்று இருந்துவிடுவர். குண்டு பருத்தால் அதன் நடுப்புள்ளி கீழே இறங்கி, நீளமும் மாறிவிடும். இரண்டை மாற்றியது அவர்களுக்கே தெரியாது.

ஐந்து குழுக்கள் 20 அலைவுகளுக்கு 40.2, 40.0, 40.4, 39.9, 38.1 வினாடி எனக் கண்டன என்று கொள்வோம். ஐந்தாம் குழு என்ன செய்யும்? அழித்துவிட்டு 40.1 என்று எழுதும். அதுதான் நம் ஆய்வகங்களில் நாள்தோறும் நடப்பது. அழிக்காமல் 38.1-ஐ உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு வினாடி, அதாவது சரியாக ஓர் அலைவு குறைகிறது. குண்டை விடும்போதே ‘ஒன்று’ என எண்ணியிருக்கிறார்கள். ‘சுழி’ என்று தொடங்கியிருக்க வேண்டும். எனவே அவர்கள் அளந்தது 19 அலைவுகளே. ஏனைய நான்கின் சராசரி கொண்டு கணக்கிட்டால் முடுக்கம் 9.81 வருகிறது, ஐந்தையும் கூட்டிச் சராசரி கண்டால் 10.01 ஆகிவிடும். வேண்டாத எண் என்று நீக்குவதற்கு முன் காரணம் காண வேண்டும். காரணம் கிட்டாவிடில் அந்த எண் ஏட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இளைஞர்களே, இவ்விதி ஆய்வகத்தோடு நிற்பதன்று. “ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர், பின் ஏன் உங்கள் பிள்ளைகள் மதிப்பெண் குறைகிறது? மூளை அவ்வளவுதான்” என்று நம் காதுபடக் கூறுவோர் உளர். ஒருவனுக்கு மேசை, விளக்கு, தனிப்பயிற்சி, படித்த தந்தை. மற்றொருவன் விடுமுறை நாளில் கூலி வேலைக்குப் போகிறவன். மாடித் தொட்டியையும் அடுப்பங்கரைத் தொட்டியையும் வைத்து விதையைப் பழிக்கும் கதை இது. எது எது ஒன்றாக இருந்தது என்று கேளுங்கள்.

அதே கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும். சங்கத்தின் மாலை வகுப்புக்கு வந்தோர் மிகுதியாகத் தேறினர் என்று ஆண்டறிக்கையில் மகிழ்ந்து எழுதுகிறோம். வந்தவர் இயல்பிலேயே ஆர்வம் மிக்கவராக இருக்கக்கூடும் அல்லவா? வகுப்பில் சேரும் முன் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணையும் குறித்து வைத்து, அதே நிலையில் இருந்து வகுப்புக்கு வராத மாணவரோடு ஒப்பிட்டால்தான் ஓரளவேனும் தெரியும். செயலாளர் அவர்கள் வருந்தமாட்டார்கள் என நம்புகிறேன். இவ்வாண்டு முதல் அந்தப் பதிவேட்டைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வுரை முடிந்ததும் மாணவர்கள் கட்டடத்தின் பின்னறைக்கு வாருங்கள். உத்தரத்தில் ஐந்து ஊசல்களும், மேசையில் பயறும் கிண்ணங்களும் வைத்துள்ளோம். மாணவியர் பின்னால் நிற்காமல் முதலில் வரட்டும். கைக்கடிகாரம் இல்லாதோர் செல்பேசியில் வினாடி பார்க்கலாம்.